காய்ச்சலுக்கு மணி அடிப்பது யார்?



போன இதழில் எழுதிய கம்பங்கூழ், மோர் மிளகாய் சமாச்சாரத்துக்கு ராசிபுரத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் கடிதம் போட்டவர்களுக்கு என் நன்றி. இந்தத் தடவை புளியும் மிளகாயும் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் வீட்டை ஆறு மாதமாக ஆட்டி வைத்த ஒரு காய்ச்சலைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அந்தக் காய்ச்சலுக்கு மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்தது யார் என்று என் மகள் விளக்கிய கதையும் கூடவே வரும். 'கால்சியம், ஏற்பி, புரதம்' என்று சில வார்த்தைகள் நடுவில் தலைகாட்டும். பயந்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா என்ன?

எங்கள் வீடு அயோத்தியாப்பட்டணத்தில், கோதண்டராமர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர். என் தம்பி லாரி டிரைவர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. லோடு இறக்கிவிட்டு வந்தால் அக்கா வீடுதான் அவனுக்குச் சத்திரம், சாவடி எல்லாம்.

போன ஆவணியில் ஒடிசா பக்கம் போய்விட்டு வந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணி இருக்கும். சாப்பிட உட்கார்ந்தவன், "அக்கா, குளுருது" என்றான். வெளியே வெயில் கொளுத்துகிறது. இவனுக்குப் பல் தந்தியடிக்கிறது! ஒரு போர்வை போர்த்தினேன், போதவில்லை. பவானி ஜமுக்காளத்தை எடுத்து மேலே போட்டேன். அதற்கும் அடங்காமல் கட்டிலே கடகடவென்று ஆடியது. ஒரு மணி நேரம் கழித்துக் குளிர் விட்டது, உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது. சாயங்காலம் வேர்வை ஊற்றித் தலையணை நனைந்தது. அப்புறம் அசந்து தூங்கிவிட்டான்.

மழையில் நனைந்திருப்பான் என்று நினைத்துக் காய்ச்சல் மாத்திரை ஒன்றும், நிலவேம்புக் கஷாயம் ஒரு டம்ளரும் கொடுத்தேன். புதன்கிழமை எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நாட்டுக்கோழிக் குழம்பு கேட்டுச் சாப்பிட்டான். கஷாயம் கைகொடுத்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கூடச் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மறுபடியும் "அக்கா, குளுருது!"

என் கஷாயப் பெருமை அன்றோடு போச்சு.

அத்தை கண்டுபிடித்தது

திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் மாமியார், "நாள் விட்டு நாள், சொல்லி வெச்ச மாதிரி அதே நேரத்துக்கு வருது பாரு. இது முறைக்காய்ச்சல். மொதல்ல ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு" என்றார்.

அத்தைக்கு இது பழைய விரோதி. அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது டி.டி.டி. மருந்து அடிக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு வருவார்களாம். பீரோவுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைக்குள் எல்லாம் அடித்துவிட்டு, அடித்த தேதியைச் சுவரில் எழுதிப் போவார்களாம். அது சும்மா நடந்த காரியமில்லை. சுதந்திரம் வந்த காலத்தில் நம் நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 7½ கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் செத்தார்கள் என்று கணக்கு. 1953-ல் தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கி, 1965 வாக்கில் அதை வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 'தொலைந்தது சனி' என்று கொஞ்சம் அசந்தார்கள். 1976-ல் 64 லட்சமாக ஏறி நின்றது! கொசுவும் சரி, கிருமியும் சரி, நாம் எப்போது அசருவோம் என்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் ஒரு குத்துக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 'பி.வி.' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பிளாஸ்மோடியம் வைவாக்ஸ், அதாவது வைவாக்ஸ் மலேரியா. குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் பதினாலு நாள். "நடுவில் விடக்கூடாதும்மா" என்று நர்ஸம்மா இரண்டு தடவை சொன்னார்.

ஐந்தாம் நாளே தம்பிக்கு உடம்பு தெம்பாகிவிட்டது. முதலாளி போன் மேல் போன். லாரி எடுத்துக் கிளம்பிவிட்டான். மீதி மாத்திரை அட்டை பிரிட்ஜ் மேல் இருந்தது. தினமும் தூசி தட்டுகிறபோது அதை நகர்த்தி வைத்தேனே ஒழிய, "ஏண்டா, மாத்திரையை விட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒரு போன் போடத் தோன்றவில்லை எனக்கு. அவன் மேல் எவ்வளவு குற்றமோ அவ்வளவு என் மேலும்.

மார்கழியில் அது திரும்பி வந்தது. இந்தத் தடவை என் வீட்டுக் கட்டிலில் வரவில்லை, ஆந்திராவில் நாலு வழிச் சாலையில், ஸ்டியரிங் அவன் கையில் இருக்கும்போது வந்தது! கை நடுங்கி வண்டி கோடு தாண்டியதாம். கூட இருந்த கிளீனர் பையன் சத்தம் போட்டு, எப்படியோ ஓரம் கட்டியிருக்கிறார்கள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனதாம். அவன் இதைச் சொன்ன அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

சொல்லி வைத்தாற்போல் எப்படி?

சேலத்தில் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி படிக்கிற என் மகளிடம், "ஏன் கண்ணு, கண்ணுக்குத் தெரியாத கிருமி. அதுக்கு ஏது கடிகாரம்? எப்படி நாள் தப்பாம, நேரம் தப்பாம வருது?" என்று கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் சொன்னதைத்தான் இனி எழுதுகிறேன்.

கொசு கடித்ததும் கிருமி முதலில் ஈரலுக்குப் போய்ப் பெருகுகிறது. அங்கிருந்து ரத்தத்துக்கு வந்து சிவப்பணுவுக்குள் நுழைகிறது. உள்ளே உட்கார்ந்து சிவப்பணுவின் சத்தைத் தின்று, ஒன்று பத்து இருபதாகப் பெருகுகிறது. வீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்து ஒவ்வொன்றும் ஒரு புதுச் சிவப்பணுவைத் தேடுகிறது. வைவாக்ஸுக்கு இந்தச் சுற்று 48 மணி நேரம். கோடிக்கணக்கான கிருமிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சிவப்பணுக்களை உடைப்பதால், அந்தக் கழிவெல்லாம் ரத்தத்தில் கொட்டுகிறது. உடம்பு அதை எதிர்த்துக் கொதிக்கிறது. அதுதான் குளிர், அதுதான் காய்ச்சல். செவ்வாய் இரண்டு மணிக்கு உடைத்தால் அடுத்தது வியாழன் இரண்டு மணி. கணக்குச் சரியாக இருக்கிறதா?

சரி, உடைத்து வெளியே வந்த குஞ்சுக் கிருமிக்கு 'நாம் வெளியே வந்துவிட்டோம், சீக்கிரம் அடுத்த வீட்டுக் கதவை உடை' என்று யார் சொல்கிறார்கள்? அதற்குக் கண் இல்லை, காது இல்லை. வெளியே அதிக நேரம் நின்றால் நம் ரத்தத்தில் இருக்கிற காவல் அணுக்கள் பிடித்துவிடும். அதனால் ஓரிரு நிமிஷத்துக்குள் புது வீட்டுக்குள் போயாக வேண்டும்.

இங்கேதான் கால்சியம் வருகிறது.

அத்தையின் சுண்ணாம்பு டப்பா

மகள் அத்தையின் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் காட்டினாள். "இதில் இருக்கிறதும் கால்சியம்தாம்மா. பாட்டி எவ்வளவு எடுக்கறாங்க? விரல் நுனியில ஒரு துளி. ஆனா வாய் முழுக்கச் சிவந்துடுது இல்ல? டப்பாவை இறுக்க மூடி வெச்சிருக்கறதாலதான் அந்தத் துளிக்கு மதிப்பு."

உயிருள்ள எந்த அணுவும் இப்படித்தான் செய்கிறதாம். அணுவுக்கு வெளியே ரத்தத்தில் இருக்கிற கால்சியத்தோடு ஒப்பிட்டால், அணுவின் உள்ளே சுதந்திரமாக உலவுகிற கால்சியம் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மீதியை உள்ளறைகளில் பூட்டி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து ஒரு சேதி வந்தால் பூட்டைத் திறந்து துளி கால்சியத்தை விடுகிறது. அந்தத் துளி பரவியதுமே அணுவில் இருக்கிற புரதங்கள், 'சேதி வந்துவிட்டது' என்று வேலையில் இறங்குகின்றன. நம் தசை சுருங்குவதும் இதயம் துடிப்பதும் இந்தத் துளியால்தான். மலேரியாக் கிருமியும் இதே வித்தையைத்தான் கற்று வைத்திருக்கிறது.

இதை வீட்டு அழைப்பு மணியாக வைத்துப் பாருங்கள். வாசலில் இருக்கிற பொத்தான்தான் 'ஏற்பி'. ரிசெப்டார் என்றும் சொல்கிறார்கள். கிருமியின் மேல்தோலில் பதிந்திருக்கிற ஒரு புரதம் அது. வெளியே நடக்கிற மாறுதல் வந்து பொத்தானை அழுத்துகிறது. உள்ளே கேட்கிற 'டிங் டாங்' சத்தம்தான் கால்சியம். சத்தம் கேட்டு எழுந்து ஓடுகிறவர்கள் உள்ளே இருக்கிற மற்றப் புரதங்கள்.

டில்லியில் கேட்ட மணி

இதில் நம் நாட்டுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று கேட்டபோது எனக்கு ஒரே சந்தோஷம். டில்லியில் மரபணுப் பொறியியல், உயிரித் தொழில்நுட்பத்துக்கான சர்வதேச மையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே சேத்தன் சிட்னிஸ் என்பவரின் குழுவில் ஷைல்ஜா சிங் என்ற பெண் விஞ்ஞானியும் மற்றவர்களும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி 2010-ல் வெளிவந்தது.

அவர்கள் கவனித்தது பொட்டாசியத்தை. சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் அதிகம். வெளியே ரத்த நீரில் மிகக் குறைவு, இருபத்தைந்தில், முப்பதில் ஒரு பங்குதான். சிவப்பணுவை உடைத்து வெளியே வருகிற குஞ்சுக் கிருமி, பொட்டாசியம் சட்டென்று குறைவதை உணர்கிறது. உணர்ந்ததும் அதற்குள் கால்சியம் ஏறுகிறது. ஏறியதும் முன்முனையில் இருக்கிற சின்னப் பைகள் திறந்து, ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் மேலே வருகின்றன. அதில் ஒன்றுக்கு இ.பி.ஏ. 175 என்று பெயர். அது சிவப்பணுவின் மேலிருக்கிற கிளைகோஃபோரின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த மறுகணம் கால்சியம் பழைய அளவுக்கு இறங்குகிறது. அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டு இரண்டாவது பைகள் திறக்கின்றன. உள்ளே நுழையக் கதவு தயார்!

பாருங்கள், முதல் மணி அடித்தால் கொக்கி வெளியே வருகிறது. மணி நின்றால் கதவு திறக்கிறது. நம் வீட்டில் குக்கர் விசில் அடித்ததும் அடுப்பைக் குறைத்து, ஆவி அடங்கியதும் மூடியைத் திறக்கிறோமே, அந்த ஒழுங்கு!

ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்கிற வகையில் நடந்தவை. மூளைவரை போய் ஆளைச் சாய்க்கிற பொல்லாத வகை அது. 1976 முதல் அதை ஆய்வகத்தில் மனித ரத்தத்தில் தொடர்ந்து வளர்க்கத் தெரியும். என் தம்பிக்கு வந்த வைவாக்ஸ் அப்படிச் சுலபமாக வளர்ந்து கொடுக்காது. ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி என்பதால் பெரியதைப் பார்த்துச் சின்னதைப் புரிந்துகொள்கிறார்கள்.

பொத்தான் எங்கே?

மணிச் சத்தம் கேட்டாயிற்று. ஆனால் வாசலில் பொத்தான் எங்கே இருக்கிறது? இதுதான் விஞ்ஞானிகளைப் படாத பாடு படுத்துகிற கேள்வி.

2002-ல் ஃபால்சிபாரம் கிருமியின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்து முடித்தார்கள். சுமார் 5,300 மரபணுக்கள். நம் உடம்பில் கால்சியப் பூட்டைத் திறக்கிற ஒரு பிரபலமான ஏற்பி உண்டு, ஐ.பி.3 ஏற்பி என்று பெயர். 'அது இங்கேயும் இருக்கும்' என்று தேடினால், அதன் சாயலில் ஒன்றும் அகப்படவில்லை! சாவியைப் போட்டால் பூட்டுத் திறக்கிறது, ஆனால் பூட்டைக் காணோம். கிருமி நம்மைவிட்டு வெகு தூரம் விலகி வளர்ந்த ஜீவன். அதன் பூட்டு நம் வீட்டுப் பூட்டைப் போல இருக்க வேண்டுமா என்ன?

பிரேசில் நாட்டில் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் செலியா கார்சியா என்ற பெண் விஞ்ஞானி இந்தத் தேடலிலேயே பல வருஷங்களைச் செலவழித்திருக்கிறார். ராத்திரியில் நம் மூளையில் ஊறுகிற மெலடோனின் என்ற சுரப்பு, கிருமிக்குள் கால்சியத்தை ஏற்றி, எல்லாக் கிருமிகளையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவருகிறது என்று 2000-ல் அவர் குழு காட்டியது. அதாவது நமக்கு 'தூங்கு' என்று சொல்கிற சுரப்பைக் கிருமி ஒட்டுக் கேட்டு, தன் கடிகாரத்தைச் சரி செய்துகொள்கிறது! அம்மாடி, என்ன திருட்டுப் புத்தி!

2008-ல் அதே குழு கிருமியின் மரபணுக்களைச் சலித்து, தோலில் ஏழு மடிப்பாக நெளிந்து பதிகிற மாதிரி இருக்கிற நாலு புரதங்களைப் பொறுக்கி எடுத்தது. நம் உடம்பில் வாசனை, சுவை, பல சுரப்புகளின் சேதி எல்லாவற்றையும் வாங்குகிற ஏற்பிகள் இந்தச் சாயலில்தான் இருக்கும். நாலில் ஒன்றான எஸ்.ஆர். 25-தான் பொட்டாசியக் குறைவை உணர்ந்து கால்சிய மணியை அடிக்கிறது என்று 2017-ல் எழுதினார்கள்.  அந்த மரபணுவை எடுத்துவிட்ட கிருமி செத்துப்போகவில்லை. ஆனால் பட்டினி போட்டால் தாங்கவில்லை, சில மலேரியா மருந்துகளுக்கும் சீக்கிரம் மசிந்தது.

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. 2013-ல் அமெரிக்காவில் வேறொரு குழு, பொட்டாசியம் குறையாத நீரிலும் கிருமி வளர்கிறது, புதுச் சிவப்பணுவுக்குள் நுழைகிறது என்று காட்டியது. ஆக, பொட்டாசியம் ஒரு மணி, அது ஒன்றை மட்டும் நம்பிக் கிருமி உட்கார்ந்திருக்கவில்லை. கடிகாரம் விஷயத்திலும் இப்படியே. 2020-ல் வந்த இரண்டு ஆராய்ச்சிகள், கிருமிக்குள்ளேயே சொந்தத் தாளம் ஒன்று ஓடுகிறது என்று சொல்லின. மெலடோனினுக்கு உரிய ஏற்பி எது என்று இன்னும் முடிவாகவில்லை. 2021-ல் ஐ.சி.எம். 1 என்று ஒரு புரதத்தைக் கண்டார்கள். கால்சியப் பூட்டுத் திறக்க அது அவசியம் என்று தெரிந்தது. அதுவேதான் காணாமல் போன பூட்டா என்பது இன்னும் ருசுவாக வேண்டிய விஷயம்.

கொசுவின் வயிற்றிலும் அதே மணி

1880-ல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர், மலேரியா நோயாளியின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அசையாமல் கிடந்த ஒன்றிலிருந்து திடீரென்று சவுக்கு மாதிரி இழைகள் கிளம்பித் துள்ளின. 'இது உயிருள்ள கிருமி' என்று உலகம் அப்போதுதான் அறிந்தது. அவர் பார்த்தது ஆண் கிருமியின் விந்தணுக்கள். கொசுவின் வயிற்றில் நடக்க வேண்டியது, உடம்பைவிட்டு வந்த ரத்தம் குளிர்ந்ததும் கண்ணாடித் தகட்டிலேயே நடந்துவிட்டது. 1897-ல் நம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டு மீதிக் கதையைத் தொடங்கி வைத்தார்.

அந்தச் சவுக்குத் துள்ளலுக்கும் கால்சியம்தான் காரணம்! சூடு குறைவதோடு, கொசுவின் உடம்பில் இருக்கிற சாந்துரீனிக் அமிலம் என்ற பொருளும் கிருமிக்கு அடையாளம் என்று 1998-ல் கண்டார்கள். அது பட்ட சில விநாடிகளில் கிருமிக்குள் கால்சியம் ஏறுகிறது. 2004-ல் அந்தக் கால்சியத்தைக் கேட்டு ஓடுகிற புரதத்தையும் பிடித்தார்கள். சி.டி.பி.கே. 4 என்று பெயர். அது இல்லாவிட்டால் ஆண் கிருமி துள்ளாது, கொசுவில் கிருமி வளராது, அடுத்த வீட்டுக்கு நோய் போகாது.

நமக்கு என்ன லாபம்?

"இதையெல்லாம் கண்டுபிடித்து என்ன கண்ணு, என் தம்பிக்கு என்ன ஆகப் போகுது?" என்று கேட்டேன். மகள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, சி.டி.பி.கே. வகைப் புரதம் செடி கொடியில இருக்கு, மலேரியாக் கிருமியில இருக்கு, நம்மகிட்ட இல்ல. நம்மகிட்ட இல்லாததைக் குறி வெச்சு மருந்து செஞ்சா, கிருமி விழும், நம்ம உடம்புக்குச் சேதம் குறைவு."

அது ஏன் அவசரம் என்றும் சொன்னாள். 1973-லேயே அஸ்ஸாமில் குளோரோகுயினுக்குக் கட்டுப்படாத ஃபால்சிபாரம் தலைகாட்டிவிட்டது. பிற்பாடு நாடெங்கும் பரவி, அந்த வகைக்கு இப்போது வேறு கூட்டு மருந்துதான் தருகிறார்கள். அதற்கும் ஒரு நாள் பழகிக்கொள்ளும். புதுப் பொத்தானைக் கண்டுபிடித்தால் புது மருந்துக்கு வழி. டில்லியில் தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் புஷ்கர் சர்மாவின் குழுவும், கால்சியச் சேதியைக் கிருமியின் எந்தப் புரதங்கள் வாங்கி நடத்துகின்றன என்று பல வருஷமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறது. அந்த மருந்து கைக்கு வருகிறவரை, இருக்கிற மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவது நம் பொறுப்பு.

நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்

*"கிருமிக்குக் கால்சியம்தான் மணி என்றால், காய்ச்சல்காரருக்குப் பால், கேழ்வரகு, கால்சியம் மாத்திரை எல்லாம் நிறுத்த வேண்டுமா?"*

நானும் இதைத்தான் கேட்டேன். மகளிடம் செல்லமாகக் குட்டும் வாங்கினேன். வேண்டாம், நிறுத்தாதீர்கள்! கிருமி உபயோகிப்பது துளியிலும் துளி. அதைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறது. நாம் சாப்பிடுவதைக் குறைத்தால் நம் எலும்புதான் தேயும். கர்ப்பிணிப் பெண்ணுக்கு டாக்டர் எழுதிய கால்சியம் மாத்திரையை இதைக் காரணம் காட்டி நிறுத்திவிடாதீர்கள். பொட்டாசியத்துக்கும் அதே பதில். இளநீர், வாழைப்பழம் தாராளமாகக் கொடுக்கலாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவில்.

*"மாத்திரையில் காய்ச்சல் நின்றுவிட்டதே, பதினாலு நாள் எதற்கு?"*

வைவாக்ஸ் கிருமியில் சில ஈரலுக்குள் போய் உறங்கிவிடும். மாதக் கணக்கில் உறங்கி, எழுந்து, மறுபடி ரத்தத்துக்கு வரும். ரத்தத்தில் இருப்பதைக் குளோரோகுயின் ஒழிக்கும், ஈரலில் உறங்குவதைப் பிரைமாகுயின்தான் ஒழிக்கும். என் தம்பிக்கு மார்கழியில் வந்தது புதுக் கொசு தந்ததாகவும் இருக்கலாம். ஆனால் ஐந்தாம் நாளோடு விட்டதால், உறங்கினது எழுந்ததென்றே டாக்டர் சொன்னார். ஒரு எச்சரிக்கை: பிரைமாகுயினைக் கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. ஜி.6.பி.டி. என்ற நொதி உடம்பில் குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்தத்தைச் சிதைத்துவிடும். சாப்பிடுகிறபோது சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். வெறும் வயிற்றிலும் வேண்டாம். மீதம் இருக்கிற மாத்திரையை அடுத்தவருக்குத் தானம் பண்ணவும் வேண்டாம்.

*"நாள் விட்டு நாள் வந்தால்தான் மலேரியாவா?"*

இல்லை, இல்லை! ஆரம்பத்தில் தினமும் வரலாம். பொல்லாத ஃபால்சிபாரத்துக்கு நேரம் காலமே கிடையாது. நான் செவ்வாயிலிருந்து வியாழன்வரை காத்திருந்தது தப்பு. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அதுவும் வெளியூர் போய் வந்தவர் என்றால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் காசு இல்லாமல் பார்க்கிறார்கள். பேச்சுத் தடுமாறினால், மயக்கம் வந்தால், வலிப்பு வந்தால் ஒரு நிமிஷம் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. மலேரியாக் கொசு சாக்கடையைவிட நல்ல தண்ணீரைத்தான் தேடும். பட்டணங்களில் அதன் குடித்தனம் மேல்நிலைத் தொட்டியும் கிணறும்தான். எங்கள் வீட்டு மாடித் தொட்டியின் மூடி ஒரு பக்கம் உடைந்து எத்தனை மாதமோ தெரியாது. இந்த ஆறு மாதத்துக்கு அப்புறம்தான் மாற்றினேன். இன்று உங்கள் தொட்டியை ஏறிப் பாருங்கள். 2030-க்குள் மலேரியாவை நாட்டைவிட்டே விரட்ட வேண்டும் என்று அரசாங்கம் கெடு வைத்திருக்கிறது. அதில் நம் பங்கு இந்த மூடி.

தம்பி இந்தத் தடவை முதலாளியிடம் பேசிப் பதினாலு நாளும் என் வீட்டில் தங்கினான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரை கொடுத்துவிட்டு, தினசரிக் காலண்டர் தாளில் நான் ஒரு டிக் போடுவேன். ஒரு நாள் வெள்ளி வேலை அவசரத்தில் நான் மறந்தேன். அத்தை விடவில்லை. "ஏண்டி, பையனுக்கு மாத்திரை கொடுத்தியா?" என்று சுண்ணாம்பு டப்பாவால் திண்ணையில் தட்டினார். பதினாலாவது டிக் போட்ட அன்று அத்தை காலண்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெற்றிலை மடித்தார்.

தை முடிந்தது, மாசி முடிந்தது. இன்னும் மத்தியானம் இரண்டு மணி அடித்தால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. "குளுருதாடா?" என்று கேட்பேன். "இல்லக்கா, வேர்க்குது" என்பான். நம்மூர் வெயிலில் வேர்க்காமல் என்ன செய்யும்!

அடுத்த இதழில் வடாம், வற்றலோடு வருகிறேன். உங்கள் வீட்டில் பிரிட்ஜ் மேலே பாதி அட்டை மாத்திரை ஏதாவது கிடக்கிறதா என்று இதைப் படித்து முடித்த கையோடு ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சகோதரிகளே.